முதல் கெமராவுக்கு முதல் லென்ஸ் எது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கண்டக்குழிக் கடல் அடங்கிக் கிடக்கும் காலம். டொல்பின் பார்க்க வரும் வெளியூராரை ஏற்றிக்கொண்டு காலையிலேயே வள்ளங்கள் புறப்பட்டுவிடும். வருபவர்களின் கழுத்தில் முழ நீள லென்ஸ் பூட்டிய கெமராக்கள் தொங்கும். அதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கும், கெமரா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

என் நானாவின் மகளுக்கும் வந்தது. வாப்பாவிடம் கெஞ்சிக் கேட்டு, பாவித்த டி.எஸ்.எல்.ஆர். கெமரா ஒன்றை லென்ஸ் இல்லாமல் வாங்கினாள். உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் வாங்கிப் பூட்டினாள். டொல்பின்கள் துள்ளும் படங்களைக் கண்டு ஊரே மெச்சியது.

அடுத்த மாதம் அயல் வீட்டில் கலியாணம். "பெண்கள் பக்கத்துக்கு ஆம்பிளை போட்டோக்காரர் வேண்டாம், எங்கட பிள்ளையே எடுக்கட்டும்" என்று அவளைக் கூப்பிட்டார்கள். மணமகள் இருந்த அறையின் அகலம் பன்னிரண்டு அடி. ஜன்னலுக்குத் திரை, வெளிச்சத்துக்கு ஒரு டியூப் லைட். முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போயும் மணமகளின் முகமும் தோளும்தான் கெமராவுக்குள் அடங்கின. விழுந்த படங்களும் இருண்டு கலங்கியிருந்தன.

ஒரு கிழமை கழித்து மணமகளின் உம்மா வந்து, "மகள், போட்டோ எங்கே?" என்று கேட்டபோது இவளிடம் பதில் இல்லை.

"மாமி, கெமராவில் என்ன பிழை?" என்று என்னிடம் அழுதாள். கெமராவில் பிழை இல்லை. லென்ஸ் வாங்கிய ஒழுங்கில்தான் பிழை. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பருப்பும் லென்ஸும்

இலத்தீன் மொழியில் 'லென்ஸ்' என்றால் நாம் ஆணம் காய்ச்சும் பருப்புத்தான். அதன் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். அரபியிலும் பருப்புக்கு 'அதஸ்', லென்ஸுக்கு 'அதஸா'. சூரத்துல் பகராவின் 61ஆம் வசனத்தில் பனூ இஸ்ராயீலர்கள் கேட்டதாக வரும் பருப்பும் இதே 'அதஸ்'தான்.

லென்ஸில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். அவ்விரண்டையும் விளங்கிக்கொண்டால் போதும்.

முதலாவது மி.மீ. கணக்கு. சிறிய எண் அகலமாகக் காட்டும். பெரிய எண் தூரத்தில் உள்ளதைக் கிட்டக் கொண்டு வரும். ஆரம்ப டி.எஸ்.எல்.ஆர். கெமராவில் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, 70 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 18 அடி பின்னால் நிற்க வேண்டும். 50 மி.மீ. என்றால் 12 அடிக்குச் சற்று மேல். 35 மி.மீ. என்றால் 8 அல்லது 9 அடி. 18 மி.மீ. என்றால் 5 அடிக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு அடி அறையில் அவள் ஏன் தோற்றாள் என்பது இப்போது விளங்கும்.

இரண்டாவது 'எஃப்' எண். இது வெளிச்சம் நுழையும் வாசலின் அளவு. எண் சிறிதானால் வாசல் பெரிது. எஃப் 1.8 இல் நுழையும் வெளிச்சம், எஃப் 5.6 இல் நுழைவதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. டியூப் லைட் அறையில் படம் கலங்குவதும் கலங்காததும் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

வாங்கும் ஒழுங்கு

முதலில், கெமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. லென்ஸ். இதைக் குறைவாக எண்ண வேண்டாம். அறை, முற்றம், கடற்கரை, குடும்பப் படம் எல்லாவற்றுக்கும் இது கை கொடுக்கும். மூன்று நான்கு மாதங்கள் இதையே பாவியுங்கள். ஒவ்வொரு படத்தையும் எத்தனை மி.மீ. இல் எடுத்தோம் என்பது அந்தப் படத்தின் விபரத்தில் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்தால் உங்களுக்கு எது தேவை என்பது தானாகவே தெரியும்.

இரண்டாவது, எஃப் 1.8 உள்ள 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ். இதில் கிட்டத் தூர மாற்றம் இல்லை. நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். சிறிய அறைக்கு 35 வசதி. முகத்தை மட்டும் எடுக்க 50 அழகு.

மூன்றாவதாகத்தான் 55–250 அல்லது 70–300 போன்ற தூர லென்ஸ். டொல்பினுக்கு இது வேண்டும்தான். ஆனால் லென்ஸில் உள்ள அதிர்வு தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும். துள்ளும் டொல்பினை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகத்தை 1/1000 செக்கனுக்குக் குறையாமல் வையுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

கம்பனிகள் கண்ணாடி இல்லாத புதிய ரகக் கெமராக்களுக்கு மாறிவிட்டதால், பாவித்த டி.எஸ்.எல்.ஆர். இப்போது மலிவு. பாவித்த லென்ஸ் வாங்கும்போது, போனின் டோர்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறு பக்கத்தால் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்க வேண்டாம்.

நிக்கோனின் டி 3000, டி 5000 வரிசைக் கெமராக்களில் போகஸ் மோட்டார் இல்லை. 'ஏ.எஃப்.' என்று மட்டும் எழுதிய பழைய லென்ஸை அவற்றில் பூட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். 'ஏ.எஃப்.-எஸ்.' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர்க் காற்றில் உப்பும் மணலும் உண்டு. கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். கண்ணாடியை முந்தானையால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். ரப்பர் ஊதியால் ஊதிய பின்பே மெல்லிய துணி. உடுப்பு அலுமாரியிலும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்தால் பூஞ்சணம் அணுகாது.

இன்னொன்று. பெண்கள் பக்கத்தில் எடுத்த படம் அமானிதம். மெமரி கார்டை உரியவரிடம் கொடுக்கும் வரை பிறர் கையில் கொடுக்க வேண்டாம்.

படம் என்ன பெரிய விடயமா என்று கேட்பவர்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்த குடும்பங்களின் உம்மாமாரிடம் கேளுங்கள். விட்டுவந்தவற்றைச் சொல்லும்போது, வீடு வளவுக்கு அடுத்ததாகக் கலியாண அல்பத்தைச் சொல்பவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள்.

என் மருமகள் பிறகு 18–55 ஐ வாங்கினாள். ஆறு மாதம் காசு சேர்த்து 35 ஐயும் வாங்கினாள். அந்த அயல் வீட்டுப் பெண்ணின் பிள்ளைக்கு நாற்பதாம் நாளன்று மறுபடியும் அவளையே கூப்பிட்டார்கள். அதே அறை, அதே டியூப் லைட். இம்முறை தாயும் பிள்ளையும் தெளிவாக விழுந்தார்கள். ஆனால் கலியாணப் படம் என்று பிள்ளைக்குக் காட்ட அந்தத் தாயிடம் இன்றும் ஒன்றுமில்லை.

சகோதரிகளே, டொல்பின்கள் அடுத்த நவம்பரிலும் வரும். முதல் லென்ஸை வீட்டுக்கு வாங்குங்கள். கடலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.