சொல்லைவிடச் செயலே தொற்றும்

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகம். விளையாட்டுக் கூடத்தின் பொதுக் குளியலறைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. உடலை நனைத்ததும் ஷவரை மூடுங்கள். சோப்பு போட்டு முடித்த பிறகு திறந்து அலசுங்கள் என்று அது கேட்டுக்கொண்டது. தண்ணீரும் மிச்சம், அதைச் சூடாக்கும் எரிசக்தியும் மிச்சம். ஆனால், அதன்படி குளித்தவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான்.

உளவியலாளர்கள் எலியட் ஆரன்சனும் மைக்கேல் ஓ’லியரியும் பலகையைக் கண்ணில் படாமல் தப்ப முடியாத இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். 19 சதவீதம் பேர் கேட்டார்கள். சிலருக்கு எரிச்சல்தான் வந்தது. வேண்டுமென்றே கூடுதல் நேரம் குளித்தவர்களும் உண்டு. அடுத்து ஒரு மாணவரை உள்ளே நிற்கவைத்தார்கள். யாராவது நுழைந்தால் அவர் ஷவரை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசிவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரைப் பார்த்தவர்களில் 49 சதவீதம் பேர் அப்படியே செய்தார்கள். இரண்டு பேர் செய்துகாட்டியபோது 67 சதவீதம்.

1983இல் வெளியான இந்த ஆய்வு, அறிவுரை தோற்கும் இடத்தில் செயல் வெல்லும் என்பதை எண்களில் காட்டியது. நல்ல காரியத்தைத் தொடங்குபவருக்கு மட்டுமல்ல, அவரோடு சேரும் இரண்டாவது ஆளுக்கும் வலிமை உண்டு என்பதையும் காட்டியது.

முன்பின் தெரியாதவருக்கும்

1967இல் ஜேம்ஸ் பிரையன், மேரி ஆன் டெஸ்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு, லாஸ் ஏஞ்சலீஸ் சாலையில் நடந்தது. டயர் பஞ்சரான காருக்கு அருகே ஒரு பெண் உதவிக்காக நிற்கிறார். கடந்துசென்ற 2,000 வாகனங்களில் 35 நின்றன. இன்னொரு முறை, கால் மைல் முன்னதாகவே வேறொரு கார் நின்றிருந்தது. அங்கே ஒருவர் ஒரு பெண்ணுக்கு டயர் மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டுவிட்டு வந்த 2,000 வாகனங்களில் நின்றவை 58. உதவியவர் யாரென்று இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் நின்றது அவருக்கும் தெரியாது.

தவறும் இதே வழியில்தான் பரவுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில் ‘சுவரில் கிறுக்காதீர்’ என்ற அறிவிப்பு வைக்கப்பட்டது. சுவர் சுத்தமாக இருந்தபோது, ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த விளம்பரத் தாளைத் தெருவில் போட்டவர்கள் 33 சதவீதம். அறிவிப்பை மீறிச் சுவரில் கிறுக்கியிருந்தபோது 69 சதவீதம். 2008இல் வெளியான முடிவு இது. ஒரு விதி மீறப்பட்டதைக் கண்ட மனம், இன்னொரு விதியையும் தளர்த்திக்கொள்கிறது.

ஏன் இப்படி? எது சரி என்பதைவிட, மற்றவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதே பல நேரங்களில் நம்மை நகர்த்துகிறது. தவிர, செய்துகாட்டும்போது வழிமுறையும் புரிகிறது, ‘இது நம்மாலும் முடியும்’ என்ற தெம்பும் வருகிறது. பலகையால் இவ்வளவும் தர முடியாது.

பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்?

குழந்தைகளிடம் இது இன்னும் துலக்கம். பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைக் கண்ட சிறுவர்கள் தாங்களும் அப்படியே அடித்ததை, 1961இல் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்ஃபோர்டில் பதிவுசெய்தார். பிரையனும் நான்சி வால்பெக்கும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் கொடுப்பதைப் பற்றி நன்றாகப் பேசிவிட்டுக் கொடுக்காமல் போனார்கள். பிள்ளைகளின் கை அவர்களின் பேச்சைப் பின்பற்றவில்லை, செயலைத்தான் பின்பற்றியது.

நல்ல செய்தியும் உண்டு. 2017இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், பெட்டியைத் திறக்கப் பெரியவர் ஒருவர் திணறித் திணறிக் கடைசியில் வெல்வதை 15 மாதக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பிறகு பட்டன் வேலை செய்யாத ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். பெரியவர் சிரமமின்றித் திறந்ததைக் கண்ட குழந்தைகளைவிட, போராடியதைக் கண்டவர்கள் அதிக தடவை பட்டனை அழுத்தி முயன்றார்கள். பேச்சு முழுதாக வராத வயதிலேயே விடாமுயற்சி கண் வழியாக உள்ளே போகிறது.

எனவே நல்லதைப் பிறர் கண்ணில் படும்படி செய்யக் கூச்சப்பட வேண்டாம். பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து வண்டி எடுக்கும்போது ஹெல்மெட் போடுங்கள், ஆளில்லாத சிக்னலிலும் நில்லுங்கள், கடைக்குத் துணிப்பையோடு போங்கள். பிள்ளை புத்தகம் படிக்க வேண்டுமென்றால், அதன் எதிரில் நீங்கள் கைப்பேசியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். நம்மை யாரோ ஒருவர் எப்போதும் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நல்லதைக் காட்டுவது நம் ஒவ்வொருவரின் கடமை.