அடிபடுவதற்கு முன் அறிவு எவ்வளவு?

பேரிகையிலிருந்து ஓசூரில் உள்ள பட்டறைக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்றுவரும் லேத் தொழிலாளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாலை விபத்தில் அவருக்குத் தலையில் அடிபடுகிறது. சில மாதங்களில் காயம் ஆறிவிடுகிறது. ஆனால், "முன்போல் கணக்குப் பிடிபடவில்லை, அளவுகள் மறந்துபோகின்றன" என்கிறார். சோதித்துப் பார்த்தால், நுண்ணறிவு ஈவு 100 என்று வருகிறது. அவர் வயதினரின் சராசரியே 100தான். அப்படியானால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லையா?

பாத்திரத்திலுள்ள நீரின் வெப்பநிலை இப்போது 40 பாகை செல்சியஸ் என்று மட்டும் சொன்னால், அது எவ்வளவு வெப்பத்தை இழந்தது என்று உங்களால் கூற முடியுமா? தொடக்க வெப்பநிலையும் தெரிய வேண்டும் அல்லவா? அதுபோலவே, அத்தொழிலாளியின் ஈவு முன்பும் 100 ஆக இருந்திருந்தால் அந்த எண்ணில் இழப்பில்லை. 120 ஆக இருந்திருந்தால் இழப்பு பெரிது. அவருக்குத் தரவேண்டிய பயிற்சி, வேலை, இழப்பீடு ஆகிய எல்லாமே இந்த வேறுபாட்டைப் பொறுத்தவை.

நலமாக இருக்கும்போது நம்மில் யாரும் நுண்ணறிவுச் சோதனை செய்துகொள்வதில்லை. எனவே, பழைய அளவை இப்போது ஊகித்தே அறியவேண்டும். எப்படி?

ஏரி வற்றிய பின்னும், நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை மதகுச் சுவரில் படிந்த கறை காட்டும். மூளை பாதிக்கப்படும்போதும் எல்லாத் திறன்களும் ஒரே அளவில் குறைவதில்லை. புதியதைக் கற்றல், விரைந்து சிந்தித்தல் முதலியன எளிதில் தளர்கின்றன. நெடுநாள் பழகிய சொல்லறிவோ பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. இதுவே அந்தக் கறை.

இதைப் பயன்படுத்தி இங்கிலாந்தில் ஹேசல் நெல்சன் என்பவர் 1982இல் ஒரு வாசிப்புச் சோதனையை வெளியிட்டார். எழுத்துப்படி ஒலிக்காத 50 ஆங்கிலச் சொற்கள் அதில் உள்ளன. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் 'பி' என்ற எழுத்து உண்டு. ஆனால் அது ஒலிப்பதில்லை. முன்பே அறிந்தவர்தாம் இத்தகைய சொற்களைச் சரியாகப் படிப்பார். சரியாகப் படித்த சொற்களின் எண்ணிக்கையிலிருந்து பழைய ஈவைக் கணிக்கிறார்கள். பேச்சுத் திறனே பாதிக்கப்பட்டவர்க்கு இம்முறை உதவாது.

தமிழுக்கு இது பொருந்துமா? பொருள் தெரியாத சொல்லையும் நாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவோமே! ஸ்பானிய மொழியிலும் இதே இடர்ப்பாடு. அங்கே சொல்லழுத்தக் குறிகளை நீக்கிவிட்டுப் படிக்கச் சொல்லும் சோதனை 1997இல் வெளிவந்தது. ஜப்பானியர் காஞ்சி எழுத்துச் சொற்களைப் பயன்படுத்தினர். தமிழிலும் ஒரு வாய்ப்பு உண்டு. 'பயம்', 'பயன்' என்று சொல்லிப் பாருங்கள். முதலெழுத்து ஒன்றே, ஒலி வேறு. இத்தகைய அரிய சொற்களைத் திரட்டி, நலமுள்ளவர் பலரிடம் சோதித்த பின்னரே அது அளவுகோலாகும்.

ஆனால் நம் தொழிலாளி வீட்டில் தெலுங்கும், பள்ளியில் தமிழும், பட்டறையில் கன்னடமும் பேசியவராக இருக்கலாம். பள்ளிக்கே போகாதவராகவும் இருக்கலாம். எந்தச் சொற்பட்டியலைக் காட்டுவது?

இதற்கு வேறொரு வழி உண்டு. பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில், ஷோபினி ராவ் முதலியோர் 2004இல் ஒரு நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பை வெளியிட்டனர். அதில் வயது, பால், கல்வி ஆகியவற்றுக்கேற்பத் தனித்தனி அளவுகள் உள்ளன; எழுத்தறிவில்லாதவர்க்கும் உண்டு. நோயாளியைப் பொதுச் சராசரியோடு ஒப்பிடாமல், அவரைப் போன்ற நலமுள்ளவரோடு ஒப்பிடலாம். எனினும், தம்மை ஒத்தவரைவிட ஒருவர் முன்பு கூர்மையானவராக இருந்தாரா என்பதை இவ்வளவுகள் சொல்லமாட்டா.

ஆகவே, மருத்துவமனைக்கு உடன் செல்வோர் சொல்லும் செய்திகளும் சான்றுகளே. மதிப்பெண் பட்டியல், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், அவர் எழுதிய கணக்கு நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். "வரைபடத்தைப் பார்த்துத் தாமே பொருளைக் கடைந்தெடுப்பார்", "சீட்டுக் கணக்கை மனத்திலேயே போடுவார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இவ்வளவும் சேர்ந்தாலும் விடை ஒற்றை எண்ணாகக் கிடைக்காது. இதிலிருந்து இதற்குள் என்ற வரம்பாகவே கிடைக்கும். ஆயினும் அந்த வரம்பு இல்லையேல், "நீங்கள் சராசரியாகத்தானே இருக்கிறீர்கள்" என்ற ஒரே சொல்லில் ஒரு மனிதரின் இழப்பு மறைந்துபோகும்.