எஃப்எம்மில் கேட்ட பாட்டு நிகழ்ச்சி பாட்காஸ்ட்டில் ஏன் இல்லை? ரேடியோ 'ஆப்'புக்குள் போனதில் நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

சரோஜ் நாராயணசாமியின் குரலில் டெல்லி செய்தி வந்ததும் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிய தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மெட்ரோவில் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு பாட்காஸ்ட் கேட்கிறார்கள். ரேடியோ நிலையங்களும் சும்மா இல்லை. ஆப், நேரலை ஸ்ட்ரீமிங், பாட்காஸ்ட் என்று அவையும் போனுக்குள் வந்துவிட்டன.

நல்ல விஷயம்தானே, இதில் என்ன பிரச்சினை என்கிறீர்களா? லாபமும் இருக்கிறது, நாம் கவனிக்காமல் விட்ட சில இழப்புகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்னென்ன வந்திருக்கிறது?

அகில இந்திய வானொலியின் 'நியூஸ் ஆன் ஏர்' ஆப்பில் நாடு முழுக்க உள்ள 200-க்கும் மேற்பட்ட வானொலி சேவைகளை நேரலையில் கேட்கலாம். 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் நிகழ்ச்சியை இப்போது துபாயில் இருந்தும் கேட்க முடியும். முன்பெல்லாம் அலைவரிசை எட்டுகிற தூரம் வரைதான் நேயர்கள். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' தளத்திலும் டிவி சேனல்களோடு ரேடியோ இருக்கிறது.

தனியார் பக்கமும் இதே ஓட்டம்தான். ரேடியோ மிர்ச்சியை நடத்தும் நிறுவனம் 2023 இறுதியில் 'கானா' என்ற பாட்டு ஆப்பையே வாங்கிவிட்டது. எஃப்எம் விளம்பரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது.

நேரலையும் பாட்காஸ்ட்டும் ஒன்றா?

இல்லை. நேரலை என்பது அந்த நேரத்தில் ஒலிபரப்பாவதை இணையம் வழியாகக் கேட்பது. தவறவிட்டால் போச்சு. பாட்காஸ்ட் என்பது பதிவு செய்த நிகழ்ச்சி. வேண்டும்போது கேட்கலாம், நிறுத்தலாம், டவுன்லோட் செய்து வைக்கலாம். ஒரு நிகழ்ச்சிக்கு சப்ஸ்கிரைப் செய்தால் புது எபிசோட் தானாக வந்து சேரும். 'பாட்காஸ்ட்' என்ற சொல்லே 2004-ல்தான் புழக்கத்துக்கு வந்தது.

அப்போ எஃப்எம்மில் கேட்ட பாட்டு நிகழ்ச்சி ஏன் பாட்காஸ்ட்டில் வருவதில்லை?

காரணம் காப்புரிமை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, ரேடியோ மற்றும் டிவி நிறுவனங்களுக்கு ஒரு வசதி தருகிறது. நிர்ணயிக்கப்பட்ட ராயல்டியைக் கட்டிவிட்டால், இசை நிறுவனம் 'முடியாது' என்று சொன்னாலும் பாட்டை ஒலிபரப்பலாம்.

இந்த வசதி இணையத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி டிப்ஸ் – விங்க் வழக்கில் எழுந்தது. பொருந்தாது என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. 2022-ல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஆகவே ஆன்லைனில் கேட்கவைக்க வேண்டுமானால் இசை நிறுவனங்களோடு தனியாகப் பேரம் பேசித்தான் அனுமதி வாங்க வேண்டும்.

அதனால்தான் ரேடியோ நிறுவனங்களின் பாட்காஸ்ட்டுகளில் பேட்டி, கதை, பேய்க்கதை, க்ரைம், உறவுச் சிக்கல் என்று பேச்சே நிறைந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஆர்ஜே பேசப் பேச நடுவில் வருமே ஒரு இளையராஜா பாட்டு, அந்தக் கலவையை அப்படியே பாட்காஸ்ட் ஆக்குவது லேசான காரியம் இல்லை.

ஆர்ஜேக்கள் ஆன்லைனில் மட்டும் அரசியல் பேசுவது ஏன்?

இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். டிராஃபிக், வானிலை போன்ற தகவல்களுக்குத் தடையில்லை. ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது.

பாட்காஸ்ட் எஃப்எம் உரிமத்துக்குள் வராது. அங்கே செய்தி பேசலாம், அலசலாம். அதற்காகக் கேட்பாரே இல்லை என்று நினைக்க வேண்டாம். டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்களுக்கு 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கின்றன.

டேட்டா எவ்வளவு போகும்?

விநாடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஸ்ட்ரீம் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 29 எம்பி. 128 கிலோபிட் என்றால் சுமார் 58 எம்பி. 64 கிலோபிட்டில் தினமும் இரண்டு மணி நேரம் கேட்டாலும் மாதம் 2 ஜிபியைத் தாண்டாது. தினசரி 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நெட் போய்விட்டால்?

புயல் நாளில் ஆப் வேலை செய்யுமா?

இங்கேதான் சிக்கல். எஃப்எம்முக்கு ஒரு கோபுரமும், உங்கள் கையில் பேட்டரி போட்ட ஒரு சின்ன செட்டும் போதும். பத்து பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ரேடியோவுக்கு நெரிசல் கிடையாது. ஆப்புக்கு மொபைல் டவர், அதற்கு மின்சாரம், பிறகு கேபிள், சர்வர் என்று ஒரு சங்கிலியே அறுபடாமல் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் போன் செத்துக் கிடந்ததை நாம் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் தவித்தன.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நிறுவனம் பிபிசி. 85 ஆண்டுகள் நடந்த அரபு மொழி ரேடியோவை, செலவைக் குறைத்து டிஜிட்டலுக்கு மாறுவதற்காக 2023 ஜனவரியில் நிறுத்தியது. அதே ஆண்டு சூடானில் போர் வெடித்தது. மே மாதம் அங்கே சிற்றலையில் அவசர ஒலிபரப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. நவம்பரில் காஸாவுக்காக மத்திய அலையில் இன்னொன்று. இணையம் அறுந்த இடத்தில் பழைய ரேடியோதான் கைகொடுத்தது.

போனில் இருந்த எஃப்எம் எங்கே போச்சு?

பழைய போன்களில் ஹெட்போன் வயரைச் செருகினால்தான் எஃப்எம் எடுக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த வயர்தான் ஆன்டெனா. ஹெட்போன் துளை மறைந்தபோது பல மாடல்களில் எஃப்எம்மும் மறைந்தது. பேரிடர் நேரத்தைக் காரணம் காட்டி, போன்களில் எஃப்எம் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. டிராயும் அதே ஆண்டு இதைப் பரிந்துரைத்தது.

ஆப் நம்முடையதா?

ரேடியோ செட் வாங்கினால் அது உங்களுடையது. ஆப் அப்படி இல்லை. 'பிபிசி சவுண்ட்ஸ்' ஆப் 2025 ஜூலையில் பிரிட்டனுக்கு வெளியே உள்ளவர்களுக்கு மூடப்பட்டது. அதில் கேட்டவற்றில் சில வேறு தளங்களுக்குப் போயின, எல்லாமும் போகவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவால், இங்கே நம் போனில் ஒரு கதவு சாத்தப்பட்டது. 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் முடிந்தபோது, போன் இல்லாத நேயர்களுக்கும் இப்படித்தான் ஆனது.

இன்னொன்றும் உண்டு. ரேடியோவுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. ஆப்புக்கு நீங்கள் எந்த ஊர், எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்பது வரை தெரியும். விளம்பரதாரர் காசு கொடுப்பது அந்தத் தகவலுக்கும் சேர்த்துத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

* பிடித்த பாட்காஸ்ட்டை வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாத ரயில் பயணத்திலும் ஓடும்.
* ரேடியோ ஆப் லொக்கேஷன், கான்டாக்ட்ஸ் கேட்டால் யோசித்துவிட்டு அனுமதி கொடுங்கள். பாட்டுக் கேட்க உங்கள் போன்புக் தேவையில்லை.
* அடுத்த போன் வாங்கும்போது எஃப்எம் இருக்கிறதா என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.
* பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றை வீட்டில் வையுங்கள். அக்டோபருக்கு முன்னால் புது பேட்டரி போட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். ஊரில் அப்பா, அம்மா தனியாக இருந்தால் அவர்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். டவர் சாய்ந்த இரவில், புயல் கரையைக் கடந்துவிட்டதா என்று அவர்கள் தெரிந்துகொள்ள அது உதவும்.