அண்ணன் நாயுடு, தம்பி முன்சாமி

வேர் தேடும் ஏடுகள் – 12

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான அண்ணனும் தம்பியும், ஒருவர் நாயுடு, மற்றவர் முன்சாமி என்று குடும்பப் பெயர் வைத்திருப்பது அதிசயமில்லை. தாத்தாவின் காகிதங்களைப் புரட்டினால் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது பெயர் ஒன்று நிற்கும். வம்சாவளி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பேனாவை மூடிவைக்கிறார்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ‘ட்ரூரோ’ கப்பல் நேட்டால் துறைமுகத்துக்கு, அதாவது இன்றைய டர்பனுக்கு, வந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போய் இறங்கினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் பெயரும் அப்பா பெயரும்தான். அரசாங்கப் படிவத்திலோ குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருந்தது. ஒரு பிள்ளை பிறந்தபோது அதில் அப்பா பெயர் ஏறியது. அடுத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர். கல்யாணப் பதிவில் சாதிப் பட்டம். பட்டமும் எழுதியவர் காதில் விழுந்தபடிதான். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார், ஆசாரி ‘ஆர்ச்சரி’ ஆனார். போதாக்குறைக்கு, கடல் தாண்டியபின் தாமாகவே வேறு பட்டம் சூடிக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே பட்டத்தைப் பார்த்துச் சாதியையோ உறவையோ முடிவுகட்டக் கூடாது.

பிறகு எதைப் பிடித்துக்கொள்வது? எண்ணை. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ‘கொலோனியல் நம்பர்’ என்பார்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறவில்லை. கப்பல் பட்டியலில் எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள அடையாளம், மாவட்டம், தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் எல்லாம் வரிசையாக இருக்கும். குடியேறிகளுக்கான காப்பாளர் அலுவலகம் பின்னாளில் பதிந்த பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் பெற்றோரின் எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்றைக் கற்பனை செய்வோம். கப்பல் பட்டியலில் ‘கோவிந்தன், தகப்பன் முனுசாமி, வயது 22, வட ஆற்காடு, போளூர், இடது முழங்காலில் தழும்பு’. மகனின் பிறப்புப் பதிவில் அப்பா பெயர் ‘கோவிந்தன் முன்சாமி’. மரண அறிவிப்பில் ‘கோவிந்த நாயுடு’. மூவரும் ஒரே ஆள்தானா? எண் ஒத்துப்போனால் பேச்சே இல்லை. மரண அறிவிப்பில் எண் இல்லாவிட்டால், அதே தாளில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மனைவி பெயரும் பிள்ளைகளின் வரிசையும் பிறப்புப் பதிவுகளோடு பொருந்தினால் அவர் இவர்தான். வயதில் நாலைந்து வருடம் இடித்தால் கவலை வேண்டாம்; அன்று வயது என்பதே உத்தேசக் கணக்கு. தகப்பன் பெயரும் ஊரும் வேறாக இருந்தால், குடும்பப் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்தாலும் அவர் வேறு கோவிந்தன். அந்தக் காலத்துக் கப்பல்களில் கோவிந்தன்களுக்கா பஞ்சம்!

ஊரைத் தேடும்போதும் நிதானம் வேண்டும். பழைய வட ஆற்காட்டின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்தோடு போய், இன்று பெரும்பாலும் ஆந்திராவில் இருக்கிறது. மிச்சம் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. பட்டியலில் உள்ள ஊர் வேலூரில் கிடைக்கவில்லையென்றால் சித்தூரிலும் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாப் பெயரையும் ஒரே பெயராகத் ‘திருத்தி’ எழுதிவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்தத் தாளில், எந்தப் பெயர் என்று உள்ளது உள்ளபடி குறித்து, ‘என்கிற’ போட்டுச் சேர்த்து வையுங்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை முன்சாமி என்ற பெயரில் தேடினாலும் நாயுடு என்ற பெயரில் தேடினாலும் அதே கோவிந்தனிடம்தான் வந்து சேர வேண்டும்.

ஆண்களின் பெயரே இந்தப் பாடு என்றால் பெண்களின் கதை இன்னும் சிக்கல். கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவாகாத திருமணங்களை ஏற்க மறுத்து 1913இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு மனைவிமார்களை எந்த நிலையில் நிறுத்தியது என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)