இயங்க மறுக்கும் பழைய மோட்டார்க் கார்: குறை காணும் முறை

திருவனந்தபுரத்தில் பழைய மோட்டார்க் கார்களைப் பேணும் வழக்கம் நெடுநாளாக உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013-இல் காலமானார். 1950-களில் செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்றை அவர் பல பத்தாண்டுகள் போற்றி வைத்திருந்தது பலரும் அறிந்த செய்தி. அரசாங்க அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்த அம்பாசடர் கார்களும் பெட்ரோல் ஜீப்புகளும் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்கியதும் இவற்றிற் பல காலையில் இயங்க மறுப்பது வழக்கம். அப்போது உடையவர் செய்யும் முதற் காரியத்தைப் பொறுத்தே வண்டியின் ஆயுள் அமைகிறது எனலாம்.

பலர் செய்வது இரண்டு. ஸ்டார்ட்டரை ஓயாமல் அழுத்தி பாட்டரியைத் தீர்த்துவிடுவது ஒன்று. ஊகத்தின் மேல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவது மற்றொன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி, முதல் அமைப்பு பெரிதும் மாறாமல் இருந்தால்தான் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெற முடியும். ஆகவே, பழைய வண்டியில் காரணத்தைக் கண்டறியுமுன் கை வைப்பது பணத்திற்கு மட்டுமன்றி வண்டியின் மதிப்பிற்கும் கேடு.

பெட்ரோல் எஞ்சின் இயங்கத் தேவையானவை நான்கு: எஞ்சினைச் சுழற்றும் விசை, தக்க நேரத்தில் மின்பொறி, காற்றுடன் கலந்த பெட்ரோல், அக்கலவையைப் போதிய அளவு அழுத்தும் திறன். எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று ஏறக்குறைய 15 பங்கு தேவை. இந்நான்கில் எது இல்லை என்பதை வரிசையாகச் சோதித்தால் குறை தானே வெளிப்படும்.

முதலாவது சோதனை பாட்டரி. முன்விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். விளக்கொளி மிகவும் மங்கினால், பாட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது அதன் முனைகளில் பூத்த வெண்பச்சைப் படிவு மின்னோட்டத்தைத் தடுக்கிறது. ஒளி சற்றும் மாறாமல் ஓசையும் எழாவிடில் ஸ்டார்ட்டருக்குச் செல்லும் இணைப்பில் குறை இருக்கலாம். முழுமையாக மின்னேற்றிய 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். படிவை வெந்நீரும் சோடா உப்பும் கொண்டு கழுவலாம். கழற்றும்போது, வண்டியின் உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். பழைய ஆங்கிலேய அமைப்புக் கார்கள் சிலவற்றில் அது நேர்முனையாக இருக்கும். ஆதலால் குறியைப் பார்த்த பின்னரே செய்ய வேண்டும். ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தலாகாது. இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்தல் நலம்.

எஞ்சின் நன்கு சுழன்றும் தீப்பற்றாவிடில் இரண்டாவது சோதனை மின்பொறி. அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி அதன் கம்பியில் மாட்டி, காப்பிட்ட குறட்டினால் பிடித்து எஞ்சினின் உலோகப் பகுதியில் தொடும்படி வைக்க வேண்டும். மற்றொருவர் எஞ்சினைச் சுழற்றும்போது நீல நிறப் பொறி பளிச்சென்று தாவினால் நல்லது. மஞ்சளாக மெலிந்து தோன்றினாலும், தோன்றாவிட்டாலும் குறை இப்பகுதியிலேயே உளது.

திருவனந்தபுரம் கடலை ஒட்டிய நகரம். தென்மேற்குப் பருவமழை சாதாரணமாக ஜூன் முதல் தேதியளவில் கேரளத்தில் தொடங்குகிறது. காயில் என்னும் உறுப்பு 12 வோல்ட்டைப் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. அவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் படிந்த மெல்லிய ஈரப்படலத்தின் வழியே கசிந்துவிடும், பிளக்கைச் சென்றடையாது. ஆகவே மழை நாளில் முதலில் செய்யத் தக்கது, மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, விரிசலோ கரிக்கோடோ உண்டா என்று பார்ப்பதே. செலவின்றித் தீரும் குறைகளில் இது முதன்மையானது. அதன்பின் கான்டாக்ட் பாயின்ட்டுகளைக் காண வேண்டும். நெடுநாள் நிறுத்திய வண்டியில் அவை கறுத்திருக்கும். அம்பாசடர் போன்ற கார்களில் இவற்றின் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அவை அடிக்கடி கருகினால் கண்டென்சரை ஐயுறலாம்.

பொறி நன்றாயிருந்தால் மூன்றாவது சோதனை பெட்ரோல். அளவுகாட்டி பொய் சொல்லக்கூடும். தொட்டியையே பார்க்க வேண்டும். காயில் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டு எஞ்சினைச் சுழற்றினால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பாய வேண்டும். பாயாவிடில் பம்பின் சவ்வு, வடிகட்டி, தொட்டி மூடியின் காற்றுத் துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பாய்ந்தும் பயனில்லாவிடில் கார்புரேட்டரின் மிதவை ஊசியோ ஜெட்டோ அடைபட்டிருக்கலாம். மாறாக, பிளக்குகள் நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள். சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி சுழற்ற வேண்டும்.

புட்டியிற் பிடித்த பெட்ரோலைச் சற்று நேரம் நிற்க விடுதல் பயனுடையது. இந்நாளில் நம் நாட்டில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் அளவு மீறினால் அது எத்தனாலைத் தன்னோடு பிரித்துக்கொண்டு அடியில் தனிப்படலமாகத் தங்கும். எஞ்சினுக்கு முதலில் செல்வது அடியிலுள்ள இப்படலமே. மேலும், பழைய ரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் எத்தனால் கெடுக்கக்கூடும். ஆதலால் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் ரப்பர் உறுப்புகளை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், பழைய பெட்ரோலை வடித்துவிடுவதும் தக்கவை.

இம்மூன்றும் சரியாயிருந்தால் மட்டுமே, பொறி வெளிப்படும் நேரத்தையும் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளவுகருவி கொண்டு தொழில்நுட்பர் சோதிக்க வேண்டும். அம்பாசடரின் நான்கு சிலிண்டர்களும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் தீப்பற்றுகின்றன. பிளக் கம்பிகளை இடம் மாற்றி மாட்டியதனாலேயே வண்டி இயங்காமற் போவதும் உண்டு.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, விளைவைக் குறித்துக்கொள்வது, எளிய காரணத்தை முதலில் விலக்குவது ஆகிய மூன்றும் ஆய்வுக்கூடத்தில் பின்பற்றப்படும் விதிகளே. களப்பணியாளர் தம் ஜீப்பிடத்தும், ஆசிரியர் வகுப்பில் பழுதான மின்மணியிடத்தும் இவற்றைக் கையாளலாம். பழைய உறுப்பைத் தூக்கியெறியுமுன் அது குற்றவாளிதானா என்று கேட்டறியும் பொறுமையே பழுது பார்ப்பவனின் முதற்கருவி.