வீரர் நினைவில் ஓர் அறக்கட்டளை

2019 பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் உயிர்நீத்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேரில், நம் கயத்தாறு அருகிலுள்ள சவலாப்பேரி சுப்பிரமணியனும் ஒருவர். மாலைகள் வாடிய பின் வீரரின் வீட்டாருக்கு யார் துணை?

பெங்களூரில் ஒரு பெண்மணி வழிகாட்டினார். கர்னல் வசந்த் வேணுகோபால் 2007 ஜூலை 31-ல் காஷ்மீரின் உரி பகுதியில் தீவிரவாதிகளோடு போரிட்டு வீழ்ந்தார். மறைவுக்குப்பின் அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பெற்றது. பரதக் கலைஞரான அவர் மனைவி சுபாஷிணி, அவ்வாண்டே ‘வசந்தரத்னா’ அறக்கட்டளையை நிறுவினார். வீரர்களின் மனைவியரைத் தேற்றுவதும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அதன் பணி.

அறக்கட்டளை தொடங்குவது எப்படி? நோக்கத்தையும் பொறுப்பாளர் பெயர்களையும் பத்திரத்தில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு; ஆண்டுதோறும் தணிக்கை. தோழியரே, பிறர் தந்த காசுக்குச் சரியாகக் கணக்குக் காட்டுவதும் வீரருக்குச் செய்யும் அஞ்சலியன்றோ!