30 மில்லி விநாடி

பாஸ்டன் நகரின் ஜோர்டான் ஹால் மேடை. கச்சேரி தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த வயலின்கள் திடீரென அடங்குகின்றன. ஓபோக்காரர் ஒற்றை ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிறார். நாதஸ்வரச் சீவாளி போல இரட்டை நாணலில் ஊதும் கருவி அது. எத்தனை பேர் சேர்ந்து வாசித்தாலும் அதன் குரல் தனியாகத் தெரியும் என்பதால் சுருதி கொடுக்கும் வேலை அதனிடம். விநாடிக்கு 440 அதிர்வுகளை ஒட்டிய அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தங்கள் கம்பிகளை முறுக்குகிறார்கள்.

இவர்களில் பலருக்கு மறுநாள் காலை வார்டில் ரவுண்ட்ஸ் இருக்கிறது. இது லாங்வுட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. (ஆர்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழு நினைவுக்கு வந்தால் தவறில்லை, இது வேறு வகை.) பெரிய மருத்துவமனைகள் நெருக்கியடித்து நிற்கும் லாங்வுட் பகுதியின் பெயரைத் தாங்கிய இந்தக் குழுவை 1982இல் ஹார்வர்டு மருத்துவ மாணவர்கள் தொடங்கினார்கள். மருத்துவர்களும் மாணவர்களும் ஆய்வாளர்களும்தான் இதில் பெரும்பாலோர். 1991 முதல், மருத்துவச் சேவை அமைப்புகளுக்கு நிதி திரட்டித் தருவதையும் கச்சேரிகளோடு சேர்த்துக்கொண்டார்கள்.

மருத்துவர்கள் ஏன் இப்படி வாசிக்க வருகிறார்கள் என்று கேட்டால், ‘மன அழுத்தம் குறையும்’ என்ற பதில் உடனே வரும். பொய்யில்லை. ஆனால் அழுத்தம் குறைய நடைப்பயிற்சி போதுமே, பீத்தோவன் எதற்கு? எனக்கென்னவோ விஷயம் காதில் இருப்பதாகப் படுகிறது. பகலில் செய்த வேலையின் மிச்சத்தைத்தான் இவர்கள் மாலையில் மேடையில் செய்கிறார்கள்.

சந்தையில் பானை வாங்குகிறவர் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால் நல்ல பானை. சத்தம் செத்திருந்தால் விரிசல். மனித மார்பையும் இப்படித் தட்டிப் பார்க்கலாம் என்று 1761இல் நூலாக எழுதியவர் வியன்னாவில் மருத்துவம் பார்த்த லியோபோல்ட் ஆவன்பிரக்கர். கிராட்ஸ் நகரத்து விடுதிக்காரரின் மகன். காற்று நிறைந்த நுரையீரல் ஒரு விதமாகவும் நீர் கோத்த மார்பு வேறு விதமாகவும் ஒலிக்கும். அவருக்கு இசைக் காது இருந்ததில் வியப்பில்லை. சாலியேரி இசையமைத்த ஓர் இசை நாடகத்துக்கு வசனம் எழுதியவரே அவர்தான்.

அடுத்தவர் பாரிஸின் ரெனே லேனெக். 1816இல், பருமனான ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தைக் கடைந்து குழல் செய்தார். அதுதான் முதல் ஸ்டெதாஸ்கோப். லேனெக் புல்லாங்குழல் வாசிப்பவர். மரக்குழலுக்குள் ஒலி எப்படி ஓடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அந்தக் குழலில் கேட்கும் இதய ஒலி ‘லப் டப்’ என்று பள்ளியில் படித்திருப்போம். கேட்பது அவ்வளவு சுலபமில்லை. அதன் ஆற்றலில் பெரும்பங்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே, டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவியின் அடிக்குரல் எல்லையில் இருக்கிறது. நம் காது கூர்மையாக இருப்பதோ சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம். ‘மூச்சை நல்லா இழுங்க’ என்று மருத்துவர் சொல்வது நுரையீரலுக்காக மட்டுமல்ல. மூச்சை இழுக்கும்போது இதயத்தின் வலப்பக்கத்துக்குக் கூடுதல் ரத்தம் வருகிறது. அதை வெளியே தள்ள நேரம் பிடிப்பதால், நுரையீரல் தமனி வால்வு மகாதமனி வால்வைவிடச் சற்றுத் தாமதித்து மூடுகிறது. ‘டப்’ இரண்டாகப் பிளந்து ‘ட-டப்’ ஆகும். இடைவெளி ஏறக்குறைய 30 மில்லி விநாடி. மூச்சை விட்டதும் அது ஒன்றாகிவிட வேண்டும். மூச்சை விட்ட பின்னும் பிளவு மாறாமல் அப்படியே நின்றால், இதய மேலறைகளுக்கு இடையே ஓட்டை இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள்.

அதே இடைவெளி மேடையிலும் இருக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். மேடையின் ஒரு கோடியிலிருந்து 12 மீட்டர் தள்ளியிருக்கும் மறு கோடிக்கு ஒலி போய்ச்சேர 35 மில்லி விநாடி ஆகும். பின்வரிசைக்காரர் முன்வரிசையைக் காதால் கேட்டு வாசித்தால், அரங்கில் இருப்பவருக்குத் தாளம் பிளந்துதான் கேட்கும். அதனால் இசைக்குழு நடத்துநரின் கோலைப் பார்த்து, காதுக்குச் சரியென்று படுவதைவிட ஒரு பொடி முந்தியே வாசிக்கப் பழகுகிறார்கள்.

வயலின் கற்றவர் நல்ல மருத்துவராவார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட முடிவுகளுக்குத் தாவினால் என்னாகும் என்பதற்கு மோட்ஸார்ட் இசை கேட்டால் அறிவு கூடும் என்ற ‘மோட்ஸார்ட் விளைவு’ சாட்சி. 1993இல் 36 கல்லூரி மாணவர்களிடம் கண்ட, கால் மணி நேரம்கூட நீடிக்காத ஒரு விளைவைப் பிடித்துக்கொண்டு, தொட்டில் குழந்தைகளுக்கெல்லாம் குறுந்தகடு விற்றார்கள். ஆனால் பழக்கமில்லாத காது மழுங்கும் என்பது உறுதி. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சி மருத்துவர்கள் 453 பேருக்கு 12 இதய ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். சராசரியாக ஐந்தில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னார்கள். எக்கோ ஸ்கேன் வந்த பிறகு காதுக்கு வேலை குறைந்துவிட்டது.

காது இன்னும் ஓய்வு பெறாத இடம் ஒன்று உண்டு: அறுவை அரங்கம். கொரோனா காலத்தில் விரல்நுனியில் மாட்டிப் பார்த்தோமே பல்ஸ் ஆக்சிமீட்டர், அதன் பெரிய வடிவம் அங்கே ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு ‘பீப்’ போட்டுக்கொண்டிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ‘பீப்’பின் சுருதி இறங்கும். மயக்க மருந்து நிபுணர் திரையைப் பார்க்கக்கூட வேண்டாம். குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே, சுருதி இறங்கினால் தலை நிமிர்வார்.

கேட்கும் நோயாளிகளுக்கு இசையால் என்ன பயன்? 2015இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஒரு கட்டுரை 73 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அறுவை சிகிச்சையை ஒட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. முழு மயக்கத்தில் இருந்தபோது இசை கேட்டவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்ததுதான் விந்தை.

லாங்வுட் குழுவினர் அரங்கத்தோடு நின்றுவிடுவதில்லை. சிறு குழுக்களாகப் பிரிந்து நோயாளிகள் இருக்கும் இடத்துக்கே போய் வாசிக்கிறார்கள். நால்வர் குழு என்றால் நாற்காலிகள் இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒலி ஆறு மில்லி விநாடியில் போய்ச்சேரும். நடத்துநரும் வேண்டாம், கோலும் வேண்டாம். முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பது மற்ற மூவருக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் வில்லைக் கம்பியில் வைக்கிறார்கள்.